யூனியாவுக்கு மட்டும் ஏன் 'ள்' இல்லை?

தமிழ் பைபிளைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தவர்களுக்குக் கூட ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். பெண்கள் பேரெல்லாம் '-ஆள்' என்று முடியும். சாராள், ரெபெக்காள், அன்னாள், தெபோராள், மரியாள், மார்த்தாள். எங்க வெள்ளகோவில் பக்கம் பழைய ஆட்களுக்கு இது புதுசா இருக்காது. வாக்காளர் பட்டியலை எடுத்தால் குப்பாயாள், பழனாத்தாள், நாச்சாயாள் என்று வரிசையாக வரும். வாயில் கூப்பிடும்போது 'குப்பாயா' என்றுதான் வரும், எழுத்தில் மட்டும் அந்த 'ள்' உட்கார்ந்திருக்கும்.

எபிரெயத்தில் இந்த 'ள்' கிடையாது. சாரா, ஹன்னா, தெவோரா அவ்வளவுதான். அங்கே கடைசி 'ஆ' ஓசையே பெரும்பாலும் பெண்பால் விகுதி. பிறகு தமிழில் எதற்கு ஒட்டினார்கள்? காரணம் எளிது. ஆண் பேரும் தமிழில் 'ஆ'வில்தான் வந்து முடிகிறது. ஏசாயா, எரேமியா, எலியா எல்லாம் ஆண்கள். அந்த 'யா' கடவுளின் பெயரிலிருந்து வந்த துண்டு. கிரேக்கத்தில் '-அஸ்' என்று முடியும் ஆண் பேர்களும் தமிழில் 'ஸ்' உதிர்ந்து 'ஆ' ஆகிவிட்டன: பர்னபா, தோமா, சீலா, லூக்கா. எது ஆண், எது பெண் என்று வாசிப்பவனுக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் 'ள்'.

ராகேல், அபிகாயில் போன்றவற்றில் உள்ள 'ல்' மூலத்திலேயே இருப்பது. தாவீதின் மனைவி மீகாளின் 'ள்' கூட அப்படித்தான், மூலப் பேரே மீகால். மெய்யெழுத்தில் முடியும் ரூத், எஸ்தர், ஆகார் இவர்களுக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

இந்த ஒரு எழுத்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு அருமையான உதாரணம் எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம். செலொப்பியாத் என்பவருக்கு ஆண் வாரிசு இல்லை, ஐந்து பெண்கள். அப்பன் செத்ததும் ஐந்து பேரும் மோசேக்கும் மொத்த சபைக்கும் முன்னால் போய் நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்க அப்பா பேர் ஏன் அழியணும், எங்களுக்கும் நிலத்தில் பங்கு கொடு என்று கேட்கிறார்கள். தீர்ப்பு அவர்கள் பக்கம் வருகிறது. அந்த ஐவரில் ஒருத்தி பேர் நோவாள். 'ள்'ளை எடுத்துவிட்டால் பேழை கட்டிய நோவா! எபிரெயத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்துக்கூட்டல். தமிழில் வித்தியாசம் ஒரே ஒரு மெய்யெழுத்து.

(கதை அங்கே முடியவில்லை. 36-ஆம் அதிகாரத்தில் சொந்தக்காரர்கள் வந்து, இவளுக வேற கோத்திரத்தில் கட்டிக்கிட்டா நிலம் வெளியே போயிருமே என்கிறார்கள். உடனே சொந்தக் கோத்திரத்துக்குள் மட்டும்தான் கட்டணும் என்று ஒரு நிபந்தனை. நம்ம பக்கம் கூட்டத்துக்குள்ள கட்டவே கூடாது, அங்கே உள்ளதான் கட்டணும். ஆனா காடு வெளியே போகக்கூடாதுங்கற கவலை மட்டும் ஒண்ணுதான். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு சட்டமானது 1989-இல், நாடு முழுக்க 2005-இல்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய கடிதத்தின் 16-ஆம் அதிகாரம் முழுக்க நலம் விசாரிப்பு. சாதாரணமாக யாரும் ஊன்றிப் படிக்காத பகுதி. ஆனால் அதில் பத்துப் பெண்கள் வருகிறார்கள். பழைய புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பில் பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியாள் என்று 'ள்' வரிசையாக இருக்கிறது. 15-ஆம் வசனத்தில் யூலியாள். 7-ஆம் வசனத்தில் யூனியா. 'ள்' இல்லை.

இது அச்சுப்பிழை இல்லை. கிரேக்க மூலத்தில் இந்தப் பேர் இரண்டாம் வேற்றுமையில், 'யூனியான்' என்று நிற்கிறது. யூனியா என்ற பெண்ணாக இருந்தாலும் யூனியாஸ் என்ற ஆணாக இருந்தாலும் அந்த உருவில் எழுத்துக்கள் ஒன்றேதான்; மேலே போடும் அழுத்தக் குறியில்தான் வித்தியாசம். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்தக் குறியே கிடையாது. ஆக, வாசிப்பவர் முடிவு செய்ய வேண்டும். '-அஸ்' தமிழில் 'ஆ' ஆகும் என்று மேலே பார்த்தோம். அந்தக் கணக்கில் தமிழ் 'யூனியா' என்பது யூனியாஸ், அதாவது ஆண்.

ஒரு எழுத்துக்கு இவ்வளவு பேச்சா என்றால், அந்த வசனம் இவரையும் அன்றோனீக்கையும் அப்போஸ்தலருக்குள் பேர் வாங்கியவர்கள் என்கிறது. பெண் என்றால், பைபிளில் அப்போஸ்தலர் என்ற சொல்லோடு சேர்த்துப் பேசப்படும் ஒரே பெண். பெண்கள் பிரசங்கம் பண்ணலாமா என்ற சண்டை வரும்போதெல்லாம் இந்தப் பேரும் வரும்.

4-ஆம் நூற்றாண்டில் கிறிசோஸ்தம் (கிரேக்கம் அவருக்குத் தாய்மொழி) இவரைப் பெண் என்றே எடுத்துக்கொண்டு புகழ்ந்திருக்கிறார். யூனியா என்ற பெண் பேர் ரோமாபுரிக் கல்வெட்டுகளில் 250 தடவைக்கு மேல் வருகிறது. யூனியாஸ் என்ற ஆண் பேர் எங்கேயும் கிடைக்கவில்லை. இருந்தும் லூத்தரின் ஜெர்மன் பைபிள் ஆணாக்கியது. 1611-இன் ஆங்கில கிங் ஜேம்ஸில் பெண் பேர்தான். அறிஞர்கள் கையாளும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927-இல் ஆண்பால் குறி போட்டு, 1998 அச்சில் பெண்பாலுக்குத் திரும்பியது. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சிட்ட சீகன்பால்கும் (1714-15), பிறகு திருத்திய பப்ரீசியஸும் லூத்தரன் ஜெர்மானியர்கள். தமிழ் 'யூனியா' அந்த வழியில் வந்தது என்பது என் கணிப்பு.

எதிர்த்தரப்பும் இருக்கிறது. பெண்தான், ஆனால் 'அப்போஸ்தலருக்குள்' என்பதை 'அப்போஸ்தலருக்கு நன்கு தெரிந்தவர்' என்று படிக்கணும் என்று 2001-இல் இரண்டு அறிஞர்கள் எழுதினார்கள். அதற்கு மறுப்பும் வந்தது. எனக்கு மறுப்புதான் வலுவாகப் படுகிறது. கிரேக்க உரையாசிரியர் கிறிசோஸ்தமே அப்போஸ்தலரில் ஒருவர் என்றுதான் படிக்கிறார்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பெண்களைக் குறைத்தார்கள் என்று இதை வைத்து முடிவு கட்டக்கூடாது. அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் பெபேயாளைத் தமிழ் 'ஊழியக்காரி' என்கிறது. எபேசியர் 6-இல் அதே கிரேக்கச் சொல் தீகிக்கு என்ற ஆணுக்கு வரும்போது 'ஊழியக்காரன்'. ஒரே தராசு. கிங் ஜேம்ஸ் பெண்ணை வேலைக்காரியாகவும் ஆணைக் குருவாகவும் தொனிக்கிற மாதிரி இரண்டு சொல் போட்டது.

கொலோசெயர் 4:15-ஐயும் திறந்து பாருங்கள். நிம்பா, 'அவன் வீட்டில்' கூடுகிற சபை என்று இருக்கும். இங்கேயும் அதே அழுத்தக் குறிச் சிக்கல்தான். ஆனால் கூடவே ஒரு சுட்டுப்பெயரும் இருக்கிறது. பிரதிகளில் அது 'அவன்', 'அவள்', 'அவர்கள்' என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. வத்திக்கான் பிரதியில் 'அவள்'. இப்போதைய கிரேக்கப் பதிப்புகள் அதைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'ள்' வழக்கத்தையே விட்டுவிட்டார்கள்: சாரா, மார்த்தா, மரியா. எனவே அதில் யூனியா என்று பார்த்தால் பேரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்க வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் பழைய பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் '-ாள்' என்று தேடிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்: வந்தாள், போனாள், சொன்னாள் எல்லாம் வந்து விழும்.