சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது நம் முன்னோர் மொழி. 'பணம்' என்ற சொல் இன்று செல்வம் முழுவதையும் குறிக்குமளவுக்கு விரிந்துவிட்டது. ஆனால் முற்காலத்தில் அது தென்னாட்டில் வழங்கிய ஒரு சிறு நாணயத்தின் பெயர். வாங்கிய பொருளைக் காட்டிலும் அதைச் சுமந்து வரும் கூலி மூன்று மடங்கானதை நாணயக் கணக்கிலேயே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள் நம்மவர்கள். அந்தப் பழமொழி இன்று நாணயங்களுக்கே பொருந்தி வந்திருப்பதுதான் வேடிக்கை.

நான் பழைய நாணயங்களைச் சேகரிப்பவன். இணையவழி ஏலங்களை நாள்தோறும் பார்வையிடுவது என் வழக்கம். அங்கே அரிய நாணயம் ஒன்று ஒரு டாலருக்கும் குறைவான தொகையில் ஏலத்திற்கு வந்திருக்கும். அதன் அருகிலேயே சிறிய எழுத்தில், 'அனுப்பும் செலவு 18 டாலர்' என்றிருக்கும். மூன்று கிராம் எடையுள்ள செப்புக் காசுக்கு இவ்வளவு கூலியா என்று வியக்கத் தோன்றும். இது தபால் நிலையத்தின் கணக்கன்று, விற்பவரின் கணக்கு. அக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது, அதனால் யாருக்கு ஆதாயம், யாருக்கு நட்டம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏலத்தில் தரகு

1995ஆம் ஆண்டு பியர் ஒமித்யார் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய இணைய ஏல நிறுவனமே ஈபே. நாணயம், தபால்தலை, பழம்பொருள் சேகரிப்போர் பலருக்கு அது உலகச் சந்தையாயிற்று. 2004இல் நம் நாட்டிலும் கால் பதித்த அந்நிறுவனம், 2018இல் தன் இந்தியத் தளத்தை மூடிவிட்டது. எனினும் அமெரிக்கத் தளத்தில் நாணயச் சந்தை இன்றும் நடந்துவருகிறது.

ஏலக்கடைக்காரர் பொருளைத் தாம் விற்பதில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் கூட்டி வைத்துத் தரகு பெறுகிறார். அத்தரகு, ஏலம் படிந்த விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். தொடக்க காலத்தில் இது பொருளின் விலைக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அனுப்பும் செலவுக்குத் தரகு இல்லை. செலவு என்பது வருமானம் ஆகாது அல்லவா? நியாயமான எண்ணந்தான். ஆனால் அந்த நியாயத்திலேயே ஓர் ஓட்டை இருந்தது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு நாணயத்திற்கு வாங்குபவர் தபாலோடு சேர்த்து 33 டாலர் தரத் தயார் என்று கொள்வோம். தபாலுக்கு உண்மையில் ஆகும் செலவு 3 டாலர். தரகு நூற்றுக்குப் பத்து.

முதல் வியாபாரி நேர்மையாளர். விலை 30 டாலர், அனுப்பும் செலவு 3 டாலர் என்கிறார். தரகு 3 டாலர், தபால் 3 டாலர் போக அவர் கையில் நிற்பது 27 டாலர்.

இரண்டாம் வியாபாரி விலை 5 டாலர், அனுப்பும் செலவு 28 டாலர் என்கிறார். வாங்குபவர் தருவது அதே 33 டாலர்தான். ஆனால் தரகு ஐந்து டாலருக்கு மட்டுமே. அதாவது அரை டாலர். தபால் செலவும் போக அவர் கையில் நிற்பது 29 டாலர் 50 சென்ட்.

ஒரே நாணயம், ஒரே விலை. இரண்டாமவருக்கு இரண்டரை டாலர் மிச்சம். நூறு நாணயம் விற்றால் 250 டாலர்.

இரண்டாமவருக்கு வேறோர் ஆதாயமும் உண்டு. வாங்கியவர் மனம் மாறி நாணயத்தைத் திருப்பி அனுப்பினால், விலையைத் திருப்பித் தந்தால் போதும், முதலில் பெற்ற அனுப்பும் செலவைத் தரவேண்டியதில்லை என்பது பொதுவான வழக்கம். அப்படியானால் நாணயமும் திரும்பி வரும். ஐந்து டாலர் போனாலும் 28 டாலர் பெட்டியிலேயே இருக்கும்! அனுப்பப்பட்ட பொருள் விவரித்தபடி இல்லையென்றால் அனுப்பும் செலவையும் சேர்த்தே வாங்குபவர் திரும்பப் பெறலாம் என்பது ஈபேயின் இன்றைய விதி. ஆனால் வெறும் மனமாற்றத்திற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மனம் ஏமாறும் விதம்

'இதனால் வாங்குபவருக்கு என்ன நட்டம்? மொத்தம் 33 டாலர்தானே?' என்று கேட்கலாம். பொருளியல் பாடம் சொல்லுவதும் அதுவே. தபாலுக்கு 28 டாலர் என்று தெரிந்தால், அறிவுள்ளவர் ஐந்து டாலருக்கு மேல் ஏலம் கேட்கமாட்டார். தபாலுக்கு 3 டாலர் என்றால் முப்பது வரை கேட்பார். ஆகவே பிரித்துச் சொன்னாலும் சேர்த்துச் சொன்னாலும் மொத்தம் மாறக்கூடாது.

ஆனால் மனிதமனம் பாடநூலின்படி நடப்பதில்லை. தஞ்சிம் ஹுசைன், ஜான் மார்கன் என்னும் இரு பொருளியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். இசைத்தட்டுகளையும் கணினி விளையாட்டுத் தட்டுகளையும் ஈபேயில் 80 ஏலங்களாக அவர்களே விற்றுப் பார்த்தார்கள். ஒரே தட்டு, ஓரிடத்தில் தொடக்க விலை 4 டாலர், அனுப்பும் செலவு இல்லை. மற்றோரிடத்தில் தொடக்க விலை ஒரே ஒரு சென்ட், அனுப்பும் செலவு 3 டாலர் 99 சென்ட். இரண்டிலும் குறைந்தபட்சம் தரவேண்டியது நான்கு டாலரே. எனினும் ஒரு சென்ட்டில் தொடங்கிய ஏலத்திற்குக் கூட்டம் அதிகம் வந்தது. விற்பவருக்குக் கிடைத்த மொத்தத் தொகையும் கூடியது. ஆனால், அனுப்பும் செலவு பொருளின் மதிப்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாகிவிட்டபோது இந்த ஆதாயம் காணப்படவில்லை. அதாவது, மிகப் பெரிய புளுகை மக்கள் கண்டுகொள்கிறார்கள். நடுத்தரமான புளுகே அவர்களை ஏமாற்றுகிறது!

இதே இருவர், ஜென்னிஃபர் பிரவுன் என்பவருடன் சேர்ந்து 2010இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அனுப்பும் செலவு எளிதில் கண்ணில் படாமல் இருக்கும்போது அதை உயர்த்தினால் விற்பவரின் வருவாய் உயர்கிறது என்று காட்டிற்று.

ஏலம் என்பது ஒரு வேகம். 'ஒரு தரம், இரண்டு தரம்' என்னும் குரல் இணையத்தில் இல்லாவிட்டாலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கண் ஏலத்தொகையில் நிற்கிறது. கூலி மனத்தின் மூலையில் ஒதுங்கிவிடுகிறது. இந்த ஒதுக்கத்திற்குத்தான் விற்பவர் விலை வைக்கிறார்.

விதி மாறிய கதை

வாங்குபவர்களின் முறையீடு பெருகவே, 2007இல் ஈபே புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்தது. விற்பவருக்கு மதிப்பெண் வழங்கும்போது, அனுப்பும் செலவு நியாயமாக இருந்ததா என்பதற்கும் தனியே நட்சத்திரக் குறியிடலாம் என்றது. பின்னர் 2011ஆம் ஆண்டு ஜூலை முதல் அமெரிக்கத் தளத்தில், விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்த மொத்தத்திற்கே தரகு என்று விதியை மாற்றிற்று.

நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். இப்போது இரு வியாபாரிகளுக்கும் தரகு 3 டாலர் 30 சென்ட். இருவர் கையிலும் நிற்பது 26 டாலர் 70 சென்ட். தரகை ஏய்க்கும் வழி அடைபட்டது. ஆனால் பாருங்கள்: யாதொரு தவறும் செய்யாத முதல் வியாபாரியின் வருமானத்திலும் முப்பது சென்ட் குறைந்துவிட்டது. தபால்காரருக்குப் போகும் காசுக்கும் அவர் தரகு தரவேண்டியதாயிற்று. சிலர் செய்த தந்திரத்திற்கு எல்லாரும் தண்டம் கட்டும் நிலை இது. இதையும் நாம் மறத்தலாகாது.

தரகில் ஆதாயம் போனபின்பும் இப்பழக்கம் அடியோடு ஒழியவில்லை. காரணம், முன்னே சொன்ன மனத்தின் மயக்கம் அப்படியே இருக்கிறது. விதியைத் திருத்தலாம், கண்ணை யார் திருத்துவது?

நியாயமான கூலி எது?

அனுப்பும் செலவு அதிகமாக இருந்தாலே அது மோசடி என்று முடிவுகட்டுவதும் பிழை. அரிய நாணயத்தை அனுப்புவது கடிதம் அனுப்புவது போன்றதன்று. எடை குறைவு, ஆனால் மதிப்பு மிகுதி.

அமெரிக்காவில் 1909இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அச்சிட்ட லிங்கன் ஒரு சென்ட் காசை எடுத்துக்கொள்வோம். அதை வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் பெயரெழுத்துகள் அதன் பின்புறம் பொறிக்கப்பட்டிருந்தன. அது விளம்பரமாகிறது என்று கண்டனம் எழவே, சில நாட்களிலேயே எழுத்துகள் நீக்கப்பட்டன. அதற்குள் அந்தச் சாலையில் அச்சானவை 4,84,000 காசுகளே. எடை 3.11 கிராம், இன்று அதன் விலை பலநூறு டாலர். அதை வெறும் உறையில் போட்டு அனுப்ப யார் துணிவார்? அட்டைச் சட்டத்தில் பொருத்தி, இரு தடித்த அட்டைகளுக்கு நடுவே ஒட்டி, குலுக்கினால் ஓசை எழாதபடி கட்டவேண்டும். காசின் ஓசை திருடனுக்கு அழைப்பல்லவா! பிறகு பதிவு, காப்பீடு, பெறுபவரின் கையெழுத்து ஆகியவற்றுக்கும் கட்டணம் உண்டு. அத்தகைய நாணயத்திற்கு 18 டாலர் கேட்டால் அது கொள்ளையன்று.

இதற்கு நல்ல சான்று ஒன்று வரலாற்றில் உண்டு. நம் நாட்டு மண்ணில் கிடைத்துக் கடல் கடந்த புகழ்பெற்ற ஹோப் வைரத்தை, 1958ஆம் ஆண்டு நவம்பரில் ஹாரி வின்ஸ்டன் என்ற நகை வணிகர் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் சாதாரணப் பதிவுத் தபாலிலேயே அனுப்பினார். மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட் மட்டுமே. எஞ்சியது முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் டாலருக்கான காப்பீடு. அந்த வைரம் 45.52 காரட், அதாவது ஒன்பது கிராம் சொச்சம். ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம், வைரம் அதைவிட இலேசு!

இதில் நாம் அறியவேண்டியது, கூலி பெரிதா சிறிதா என்பதன்று. எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடிகிறதா என்பதே. தபாலுக்கு இவ்வளவு, காப்பீட்டுக்கு இவ்வளவு, கட்டுமானத்துக்கு இவ்வளவு என்று சொல்ல முடிந்தால் அது செலவு. சொல்ல முடியாவிட்டால் அது மறைந்து நிற்கும் விலை.

சில்லறைக் காசுகளும் சிறு சேகரிப்பாளரும்

இந்தப் பழக்கத்தால் பெரும்பணக்காரச் சேகரிப்பாளருக்குப் பாதிப்பில்லை. ஆயிரம் டாலர் நாணயத்தில் பதினைந்து டாலர் கூலி ஒரு பொருட்டன்று. அடிபடுபவர்கள் ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் காசு வாங்கிச் சேர்க்கும் மாணவர்களே. ஒரே விற்பனையாளரிடம் பல காசுகளை வாங்கும்போது இது நன்கு புலப்படும்.

2024இல் உள்நாட்டு இணைய ஏலம் ஒன்றில் ஒருவரிடமிருந்து நான்கு காசுகள் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அனுப்பும் செலவு ரூ.90 என்றிருந்தது. நான்கையும் ஒரே உறையில் அனுப்பிச் செலவைக் குறைக்கும்படி முன்னதாகவே எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை, ரூ.360 செலுத்தும்படி சீட்டு மட்டும் வந்தது. வந்து சேர்ந்ததோ ஒரே உறை. அதன்மேல் ஒட்டியிருந்த ஸ்பீட் போஸ்ட் சீட்டில் அச்சாகியிருந்த கட்டணம் ரூ.41.30. காப்பீடு இல்லை. உள்ளே பழைய நாளிதழ்த் துண்டு ஒன்றில் நான்கு காசும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கட்டும் கூலி என்று சொல்லவும் வழியில்லை.

வாங்குவோர் கடமை

இதற்கெல்லாம் ஏலத்தை வெறுத்து ஒதுங்கவேண்டுவதில்லை. பழந்தமிழ் இதழ்களில் வந்த புத்தக விளம்பரங்களில் 'தபால் செலவு தனி' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரித்துச் சொல்வது குற்றமன்று. பிரித்து ஏய்ப்பதே குற்றம். சேகரிக்க விரும்பும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள் கூறுவேன்.

ஏலத்தில் இறங்குமுன் அந்த நாணயத்திற்கு மொத்தம் எவ்வளவு தரலாம் என்று தாளில் எழுதுங்கள். அதிலிருந்து அனுப்பும் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவதே நீங்கள் கேட்கவேண்டிய உச்சத்தொகை. பட்டியலை வரிசைப்படுத்தும்போது விலைப்படி வரிசைப்படுத்தாமல், விலையும் செலவும் சேர்ந்த மொத்தத்தின்படி வரிசைப்படுத்துங்கள்; ஈபேயில் அதற்கு வசதி இருக்கிறது. பல காசுகள் வாங்குவதானால், சேர்த்து அனுப்பக் கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். பதில் வந்தபின் ஏலம் கேளுங்கள். காப்பீடு உண்டா என்று கேட்க மறவாதீர்கள். 'அனுப்பும் செலவு இலவசம்' என்ற அறிவிப்பைக் கண்டு மகிழவும் வேண்டாம். அந்தச் செலவு விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு: பார்க்கவேண்டிய எண் ஒன்றே ஒன்றுதான்.

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இருபொருள் உண்டு. காசை விற்பவரிடம் அந்த இரண்டாம் பொருளையும் நாம் கேட்டு வாங்கவேண்டும். கேட்பவர் பெருகினால் கொடுப்பவரும் பெருகுவர். கால் பணச் சுண்டைக்காய்க்கு முக்கால் பணம் சுமைகூலி கேட்பவர், சுமக்க ஆளின்றி நிற்கும் நாள் அன்றுதான் வரும்.