மேட்டூர் மதகும் குறுவை நடவும்

காவிரிப் பாசனத்திற்காக மேட்டூர் அணையை ஜூன் மாதம் 12-ஆம் தேதி திறப்பது நெடுநாளைய வழக்கம். இத்தேதி காரணமின்றி அமைந்ததன்று. அன்று தண்ணீர் விடப்படின், ஜூன் மத்தியில் விதைத்த 110 நாள் குறுவை நெல், வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் அறுவடையாகிவிடும். ஒரு மாதம் தாமதிப்பின், கதிர் முற்றும் தருணத்தில் மழை பிடித்துக்கொள்ளும். ஆழ்குழாய்க் கிணறு இல்லாத குடியானவர் குறுவையைக் கைவிட்டுச் சம்பாவையே நம்ப வேண்டியதாகும். நடவாட்களும் அறுப்பாட்களும் ஒரு போகத்துக் கூலியை இழப்பர்.

மதகு திறக்கும் நாளை மழை மட்டும் நிர்ணயிப்பதில்லை. அரசாங்கத்தின் மூன்று கிளைகளும் அதில் சம்பந்தப்பட்டுள்ளன. பார்லிமெண்டு 1956-ல் நதிநீர்த் தகராறுச் சட்டத்தை இயற்றிற்று. அதன்படி 1990-ல் அமைந்த நடுவர் மன்றம், பிலிகுண்டுலுவில் ஆண்டுதோறும் 192 டி.எம்.சி. நீர் கிடைக்க வேண்டுமென 2007-ல் தீர்ப்பளித்தது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடியாகும். சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரி 16-ல் அவ்வளவை 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75-ல், 10 டி.எம்.சி. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கருதியும், 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர் பொருட்டும் கழிக்கப்பட்டன. தீர்ப்பை நிறைவேற்ற மத்திய சர்க்கார் அவ்வாண்டு ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தை ஏற்படுத்திற்று.

வயலுக்கு ஆண்டுக் கணக்கினும் மாதக் கணக்கே முக்கியம். ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24 டி.எம்.சி. என்று வகுக்கப்பட்டுள்ளது. ஆகஸ்டில் வரும் வெள்ளம் ஆண்டுக் கணக்கை நிரப்பக்கூடும். ஜூனில் காய்ந்த நாற்றங்காலை நிரப்பாது. 2012 முதல் 2019 வரை ஓராண்டேனும் குறித்த தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2012-ல் செப்டம்பர் 17-லும், 2017-ல் அக்டோபர் 2-லும் திறந்தனர். 2020-ல் வழக்கம் மீண்டது. 2024-ல் ஜூலை 28 வரை மீண்டும் தாமதமாயிற்று.

இம்முடிவுகளை மாற்றுதல் கிராமத்தாரின் கையில் இல்லை. அவற்றிற்கேற்ப ஆயத்தமாதல் அவர்கள் கையில் உண்டு. திறப்புத் தேதியை அறிந்த பின்னரே விதை ரகத்தைத் தெரிந்தெடுத்தல் நலம். காலம் தாழ்ந்தபின் குறுவையில் விதையையும் உரத்தையும் வீணாக்காமல், சம்பாவுக்கு நிலத்தைப் பண்படுத்தலாம். கிராம நிர்வாக அலுவலர் வயலை நேரிற் பார்த்து, சாகுபடியானதையும் தரிசானதையும் அடங்கலில் உள்ளபடி பதிதல் மிக அவசியம். நிவாரணத்திற்கும் பயிர் இன்சூரன்ஸுக்கும் அப்பதிவு வேண்டப்படுமாதலின், ஒரு வரி பிழைப்பட்டால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு கணக்கில் வராமற் போகும்.