எடைமுள் நின்ற இடம்

ஏரிகளின் மாவட்டம் என்று பெயர் வாங்கிய செங்கல்பட்டில் நீர்க்கணக்கை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுராந்தகம் ஏரிக்குக் கிளியாற்றில் வரும் தண்ணீர் குறைந்து, மதகு மட்டும் அதே அளவு திறந்திருந்தால் நீர்மட்டம் இறங்கத் தொடங்கும். வரத்து அடியோடு நின்றுவிடாதவரை அது தரை தெரியும் மட்டும் இறங்கிக்கொண்டே போகாது. மட்டம் இறங்க இறங்க, மதகை அழுத்தும் நீரின் உயரம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் மதகு வழியே பாயும் வேகமும் குறைகிறது. ஏதோ ஓரிடத்தில் வரத்தும் போக்கும் சமமாகும். அங்கே மட்டம் நிற்கும். ஏரி பிடிவாதம் பிடிக்கிறது என்று எந்த ஆயக்கட்டு விவசாயியும் அப்போது சொல்லமாட்டார்.

உடம்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் அப்படித்தான் சொல்கிறோம். புதுப்பட்டினத்திலும் பக்கத்துக் கல்பாக்கத்திலும் விடியற்காலையில் நடப்பவர்களாக இருக்கட்டும், சென்னையில் ஜிம்முக்குப் போகிறவர்களாக இருக்கட்டும், கதை ஒன்றுதான். முதல் மாதம் மளமளவென்று இறங்கிய எடை, நான்காம் மாதம் தயங்கி, ஏழாம் எட்டாம் மாதத்தில் நின்றுவிடுகிறது. சோற்றைக் குறைத்தாயிற்று, சர்க்கரையை விட்டாயிற்று, நடையும் நிற்கவில்லை. ஆனாலும் முள் நகரவில்லை. உடனே இரண்டு தீர்ப்புகள் வந்து விழுகின்றன: ‘உடம்பு கேட்கமாட்டேன் என்கிறது’ அல்லது ‘எங்கோ திருட்டுத்தனமாகத் தின்கிறார்’. இரண்டும் தவறு. முள் நின்ற இடம் என்பது, இப்போது உண்ணும் உணவுக்கும் இப்போது செய்யும் வேலைக்கும் உரிய எடை. அந்த முயற்சி எங்கே கொண்டுபோய்ச் சேர்க்குமோ அங்கே சேர்த்துவிட்டது.

நம் எதிர்பார்ப்பு எங்கே கெட்டது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு பவுண்டு எடை குறைய 3,500 கலோரி குறைய வேண்டும் என்ற கணக்கை மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1958இல் எழுதினார். கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி. கொழுப்பில் அடங்கிய சக்தி என்ற அளவில் அது சரியான எண்தான். அதையே கூட்டல் கழித்தலாக ஆண்டுக்கணக்கில் நீட்டியதுதான் பிழை. தினம் 240 கலோரி குறைத்தால் அந்தக் கணக்குப்படி ஓராண்டில் 11 கிலோவுக்கு மேல் போய்விடும். அப்படியே ஆறேழு ஆண்டு போனால், எழுபது கிலோ ஆள் இருந்த இடம் தெரியாமல் மறைந்திருக்க வேண்டும்! அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் 2011இல் ‘லான்செட்’ இதழில் இந்தக் கணக்கைத் திருத்தினார்கள். உணவில் நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் எடை கடைசியில் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்து நிற்கும். அதில் பாதி முதல் ஓராண்டில், பெரும்பகுதி மூன்றாண்டில். அதே 240 கலோரிக்கு மொத்தப் பலன் 10 கிலோ, முதல் ஆண்டில் ஐந்து. முதல் சில வாரங்களின் வேகம் இன்னொரு வகையில் ஏமாற்றும். உடலில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. சோற்றையும் இட்லியையும் சட்டென்று நிறுத்தியவருக்கு முதல் பத்து நாளில் இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான். பேலியோ போன்ற உணவுமுறைகள் தொடக்கத்தில் மாயம்போலத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஏரியின் மதகு உடலில் எங்கே இருக்கிறது? எண்பது கிலோ உடம்பைச் சுமந்து நடக்க ஆகும் செலவு, எழுபத்திரண்டு கிலோவைச் சுமக்க ஆகாது. சிறுத்த உடம்பைச் சூடாக வைத்திருக்கவும் குறைவான எரிபொருள் போதும். அதற்கு மேலும் உடல் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கிறது. எடை பத்து சதவீதம் குறைந்தவர்களின் சக்திச் செலவு, இழந்த தசையையும் கொழுப்பையும் வைத்துக் கணக்கிட்டதைவிடக் கூடுதலாகவே குறைந்திருந்ததை லீபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் மூவரும் 1995இல் அளந்து காட்டினார்கள். இதைத்தான் ‘குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு பட்டினி நிலைக்குப் போய்க் கொழுப்பைச் சேர்க்கும்’ என்று ஊதிப் பெருக்கிவிட்டார்கள். அது உண்மையில்லை. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1945இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனையில் 36 இளைஞர்கள் இருபத்துநான்கு வாரம் அரைப் பட்டினியில் இருந்தார்கள். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி உணவு, வாரந்தோறும் பல மைல் நடை. அவர்கள் உடலும் செலவைச் சுருக்கியது, இதயத்துடிப்புகூட மந்தமானது. ஆனாலும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. சிக்கனம் எடைக்குறைவை மெதுவாக்கும், திருப்பிவிடாது.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. போக்கு சுருங்குவது மட்டுமே காரணம் என்றால் முள் நிற்க இரண்டு மூன்று ஆண்டாக வேண்டும். ஏழெட்டு மாதத்தில் ஏன் நிற்கிறது? வரத்தும் கூடுகிறது என்பதுதான் விடை. மட்டம் இறங்கியது தெரிந்ததும் ஏரியே ஆள் அனுப்பி ஆற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் திருப்பிவிடச் சொல்வதைப் போல, உடல் பசியைக் கூட்டுகிறது. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது, கண்டுபிடிப்பைவிடச் சுவையானது. சர்க்கரை நோய்க்குத் தரும் கானாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை, ரத்தச் சர்க்கரையைச் சிறுநீரில் கழியவிடும். தினமும் சுமார் 90 கிராம், அதாவது 360 கலோரி, நோயாளி அறியாமலே வெளியேறுகிறது. அவர்கள் பத்தியம் இருக்கவில்லை. மனஉறுதி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அவர்களுக்கும் எடை கொஞ்சம் இறங்கி, சில மாதங்களில் நின்றுவிட்டது. எடைமாற்றத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்ட ஹால் குழு 2016இல் வெளியிட்ட மதிப்பீடு இது: ஒரு கிலோ குறைந்தால் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது, ஆனால் பசி ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்குள், நாளெல்லாம் 500 கலோரிக்கான கூடுதல் பசி ஓசையில்லாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது. மெல்பர்னில் பிரியா சுமித்ரன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதன் வேதியியலைக் காட்டியது. பத்து வாரத்தில் சராசரி பதின்மூன்றரை கிலோ குறைத்தவர்களுக்கு, உடலின் கொழுப்பு இருப்பை மூளைக்குச் சொல்லும் லெப்டின் சரிந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தது. ஓராண்டு கழித்தும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அப்படியானால் சொன்ன அளவைவிடக் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்றுதானே பொருள், ‘திருட்டுத் தீனி’ என்ற தீர்ப்பு சரிதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நியூயார்க்கில் 1992இல், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரின் உண்மையான உணவை ஐசோடோப்பு கலந்த நீரைக் கொடுத்துக் கண்டறிந்தார்கள். அவர்கள் தங்கள் உணவைச் சராசரி 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். உடலின் எரிப்பு வேகத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் தவறாகச் சொல்வதெல்லாம் பொய் சொல்வதாகிவிடாது. நம் சமையலறையையே எடுத்துக்கொள்வோம். சோற்றைக் கரண்டியால் எண்ணலாம், இட்லியை விரலால் எண்ணலாம். தாளிப்பு எண்ணெயை யார் எண்ணுகிறார்கள்? நான்கு பேர் உள்ள வீட்டில் மாத எண்ணெய்ச் செலவு அரை லிட்டர் கூடினால், தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 34 கலோரி. மீன் வறுவலில் ஒரு சுற்று எண்ணெய் அதிகம், தோசை ஓரத்தில் அரைக் கரண்டி அதிகம், அவ்வளவுதான். யார் நாக்குக்கும் தெரியாது. ஹாலின் கணக்கில் அது ஆளுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ. நாளெல்லாம் பசி தள்ளும்போது கை தன்னையறியாமல் தளர்வது உடலியல். அதைக் குணக்கேடாகப் பார்க்கும் வீட்டார்தான் பலரை முயற்சியையே கைவிடச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கூடுதலாக நடந்தால் போயிற்று என்பது அடுத்த வாதம். இதற்கு இந்தியாவிலேயே ஒரு பழைய சான்று உண்டு. ழான் மேயரும் அவர் குழுவினரும் 1956இல் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரின் உணவையும் எடையையும் ஆராய்ந்தார்கள். சுமை தூக்குபவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், ஆனால் பருமனாக இல்லை. லேசான வேலை செய்தவர்கள் அளவாகச் சாப்பிட்டார்கள். உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள்தான் லேசான வேலைக்காரர்களைவிட அதிகம் சாப்பிட்டு, எல்லோரையும்விட எடை கூடியிருந்தார்கள். அசையாத உடம்பில் பசிக்கணக்கே பிசகுகிறது என்று இதைப் படிக்கலாம். துடுப்பு வலித்துக் கட்டுமரம் செலுத்திய இடத்தில் எஞ்சின் பூட்டிய பைபர் படகு வந்துவிட்ட நம் கடற்கரைக் குப்பங்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் உடல்நிறைக் குறியீடு 25ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள், தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015–16இல் 30.9 சதவீதம், 2019–21இல் 40.4 சதவீதம். உழைப்பு அகன்ற வேகத்தை இந்த எண்ணிலும் பார்க்கிறேன்.

ஆகவே நடை வேண்டும். ஆனால் முள்ளை நகர்த்தும் நெம்புகோலாக அதை நம்பினால் ஏமாற்றம்தான். ஒரு மணி நேர நடைக்கு ஆகும் செலவு சுமார் 200 கலோரி. அதிலும் ஒரு பகுதியை, மற்ற நேரத்தில் கூடுதலாக உட்கார்ந்து உடல் ஈடுகட்டிக்கொள்கிறது. தசை வளர்த்தால் சும்மா இருக்கும்போதே எரியும் என்பதும் மிகைதான்: ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் செலவிடுவது சுமார் 13 கலோரி. எடைப்பயிற்சியின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இறங்கும் எடை தசையிலிருந்து போகாமல் கொழுப்பிலிருந்து போக அது உதவும்.

எடை குறைக்கும் ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு 2025இல் வந்தபின், முள் நின்றுபோகும் நிலையே இனி வராது என்று பேசுகிறார்கள். எடைக்குறைப்புக்காகச் செமாக்ளூட்டைடு மருந்தைச் சோதித்த முதல் பெரிய ஆய்வு 2021இல் வெளியானது: 1,961 பேர், 68 வாரம், மருந்து பெற்றவர்களுக்குச் சராசரி 14.9 சதவீத எடைக்குறைவு. பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் அந்த வரைபடத்தைப் பாருங்கள். அறுபதாவது வாரம் வாக்கில் அங்கேயும் கோடு படுத்துவிடுகிறது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. மருந்து செய்வது பசியின் தள்ளலைத் தணிப்பது. அதனால் மட்டம் இன்னும் கீழே போய் நிற்கிறது, நிற்காமல் இருக்கவில்லை.

இப்படிச் சொன்னால் ஆட்கள் மனம் தளர்ந்து விட்டுவிடுவார்களே என்பது நான் பெரிதும் மதிக்கும் ஆட்சேபம். நடப்பது நேர்மாறு என்று நினைக்கிறேன். விட்டுவிடுபவர்கள், முள் நின்றதும் தாங்கள் செய்வது வேலை செய்யவில்லை என்று நம்பியவர்கள். வேலை செய்துகொண்டிருப்பதால்தான் முள் அங்கே நிற்கிறது. விட்டால் மேலே ஏறும். நின்ற இடத்தில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. இந்த உணவோடும் இந்த நடையோடும் இன்னும் ஐந்தாண்டு வாழ முடியுமா? முடியாது என்றால் எடை கொஞ்சம் கூடினாலும் முடிகிற அளவுக்குத் தளர்த்துவது நல்லது. இன்னும் குறைவது உடல்நலத்துக்கு அவசியமா? அவசியம் என்றால் எண்ணெய், மாலைப் பலகாரம், இரவுச் சோறு என்று ஒன்றைத் தேர்ந்து, சிறியதாக, நிரந்தரமாகக் குறைக்கலாம்; பருப்பு, முட்டை, மீன் என்று பசி தாங்கும் உணவைக் கூட்டலாம். தைராய்டு குறைபாடோ, ஸ்டீராய்டு, இன்சுலின் போன்ற மருந்துகளோ காரணமாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவதும் அவசியம். நான்கு வாரச் சராசரியைப் பார்க்காமல் நாலு நாள் முள்ளைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் உடம்புக்குப் போட்ட கணக்கு என்று தள்ள நினைப்பவர்களுக்கு, சென்னையில் நடந்த ஆய்வைச் சொல்கிறேன். நம் உடலமைப்பு வேறுதான். ஒரே உடல்நிறைக் குறியீடு கொண்ட புனே மருத்துவர் யாக்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் யூட்கின் இருவரின் படத்தையும் 2004இல் ‘லான்செட்’ வெளியிட்டது: குறியீடு இருவருக்கும் 22.3, உடற்கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. எடை மெஷின் நம்மைப் பற்றிச் சொல்வது குறைவு. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்பளவு கூடுதலாகச் சொல்லும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு அறிவுரை எளிமையானது: தினம் அரைமணி வேக நடை, சர்க்கரையும் தீட்டிய தானியமும் எண்ணெயும் குறைவு. மூன்றாண்டில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடந்து, உணவை மாற்றிய பிரிவில் 39 சதவீதத்தினருக்கு. அந்த இரண்டாம் பிரிவினருக்கு எடை குறிப்பிடும்படியாகக் குறையவே இல்லை.