மூட்டு நீர் சொல்லும் சேதி
ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டு நாய் மாடிப்படி ஏறத் தயங்கியபோது, “வயசாயிடுச்சு” என்றார் பாட்டி. ஆனால், மூட்டுத் தேய்வு வெறும் முதுமையன்று; நோய். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு மாறிய பிறகே படம் காட்டிக்கொடுக்கும். மூட்டு நீரோ அதற்கு முன்பே மாறத் தொடங்குகிறது.

நலமான மூட்டில் அந்நீர் முட்டை வெண்கருவைப் போல் இழுபடும்; ஹையலுரோனிக் அமிலம் தரும் பிசுபிசுப்பு அது. நோயில் நீர்த்துப்போகும். குருத்தெலும்பை அரிக்கும் எம்.எம்.பி.-3 நொதியும் சிதைந்த கொலாஜன் துணுக்குகளும் அதில் கூடும். இவையே குறிப்பான்கள். ஆயினும், எந்த ஒன்றும் தனித்து நோயை உறுதிசெய்யப் போதாது.

1973இல் பாண்ட், நூகி என்னும் ஆய்வாளர்கள் நாயின் முழங்கால் நாரை அறுத்தே மூட்டுத் தேய்வை ஆராய வழிகண்டனர். நம் வலியை அறிய உதவிய உயிரின் வலியை நாமும் அறிய வேண்டாமா, நண்பர்களே?