கடைசி வார்த்தை வரை காத்திருங்க... இது டச்சு மொழி!

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போனால் 17 கொண்டை ஊசி வளைவுகள். கடைசி வளைவைத் தாண்டினால்தான் மெட்டு. டச்சு வாக்கியமும் அப்படித்தான். கடைசிச் சொல் காதில் விழும் வரை, சொன்னது என்ன என்று முடிவுகட்ட முடியாது!

போடிக்கும் டச்சுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இதே ரோடு மூணாறைத் தாண்டி கொச்சிக்குப் போகிறது. 1663-ல் கொச்சியைப் போர்ச்சுகீசியர்களிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள், 1795 வரை அங்கிருந்து மிளகும் ஏலக்காயும் கப்பலேற்றினார்கள். நாம் சொல்லும் 'துட்டு', 'கக்கூஸ்' இரண்டும் டச்சு வழி வந்த சொற்கள்தான்.

இன்று நம் பிள்ளைகள் வேலை, படிப்பு, கல்யாணம் என்று நெதர்லாந்து போகிறார்கள். கணவரோடோ மனைவியோடோ சேர்ந்து வாழப் போகிறவர்களில் பலர், இங்கேயே அடிப்படை டச்சுத் தேர்வில் பாஸாக வேண்டும். புதிதாகப் படிப்பவர்களைத் திணறடிப்பது, இரண்டாகப் பிரியும் வினைச்சொற்கள்.

மேஜையில் ஓர் ஏலக்காய்ப் பொட்டலம் இருக்கிறது. ஒருவர் 'இக் நேம் ஹெட் பாக்யெ...' என்று ஆரம்பிக்கிறார். 'இக்' என்றால் நான், 'நேம்' என்றால் எடுக்கிறேன், 'ஹெட் பாக்யெ' என்றால் அந்தப் பொட்டலம். 'மே' என்று முடித்தால், கூடவே கொண்டுபோகிறார். 'ஆன்' என்றால், கொடுத்ததைப் பெற்றுக்கொள்கிறார். 'தெருக்' என்றால், கொடுத்ததையே திரும்ப வாங்கிக்கொள்கிறார்!

அகராதியில் 'மேநேமன்' ஒரே சொல். சாதாரண வாக்கியத்தில் 'நேம்' இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். 'மே' கடைசிக்குப் போய்விடும். பயப்பட வேண்டாம். 'போன் பண்ணு' என்பதை நாமும் 'போன் நாளைக்குப் பண்றேன்' என்று பிரிக்கிறோமே!

'ஓம்டாட்' (ஏனென்றால்) என்று தொடங்கினால், பிரிந்தவை மறுபடி கடைசியில் சேர்ந்துவிடும்: 'ஓம்டாட் இக் ஹெட் பாக்யெ மேநேம்'. நான், பொட்டலத்தை, கொண்டுபோகிறேன். அப்படியே தமிழ் வரிசை!

கொண்டுபோயாகிவிட்டது என்றால் 'மேகெநோமன்'. நடுவில் 'கெ' நுழைகிறது. 'வந்துவிட்டான்' என்பதில் 'உம்' நுழைந்து 'வந்தும்விட்டான்' ஆவது போல.

எது பிரியும், எது பிரியாது? அழுத்தத்தைக் கவனியுங்கள். 'ஃபோர்கோமன்' என்பதில் 'ஃபோர்' அழுத்தமாக ஒலித்தால் 'நிகழ்தல்', அது பிரியும். 'கோ' அழுத்தமாக ஒலித்தால் 'நிகழாமல் தடுத்தல்', அது பிரியாது. எழுத்து ஒன்றுதான், பொருள் நேர் எதிர்!

எனவே, புதுச் சொல்லை எழுதிவைக்கும்போது அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் 'நேமன்' போதாது. 'மேநேமன்', 'ஆன்நேமன்' என்று முழுதாகப் படியுங்கள். பேசுபவர் முடிக்கும் வரை தலையாட்டாதீர்கள்.

இதில் நமக்குப் பழக்கம் உண்டு. 'அவன் வருவான்னு நான் சொல்ல...' என்று யாராவது நிறுத்தினால், அடுத்து 'றேன்' வருமா, 'லை' வருமா என்று காத்திருப்பவர்கள்தானே நாம்!