விளக்கை அணைத்தால் ஆயிற்றா?

"கார் வந்தாச்சு! கார் வந்தாச்சு!" என்று குழந்தைகள் இரண்டும் கூச்சல் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடின. பின்னாலேயே நானும் போய் எட்டிப் பார்த்தேன். பதினெட்டு நாள் டிங்கரிங் ஷாப்பில் தவம் கிடந்த எங்கள் அண்ணியின் கார், கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று வந்து நின்றது.

விஷயம் இதுதான். அடையாறில் சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்த காரை, பின்னால் வந்த ஒரு வேன் வலது மூலையில் 'செல்லமாக' ஓர் இடி இடித்துவிட்டது. பின் பம்பர் பிளந்தது. டிக்கிக் கதவு மூட மறுத்தது. பின் சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு அப்பளம் போல் சுருங்கியது. நல்லவேளையாக யாருக்கும் அடி படவில்லை. அண்ணாவுக்குப் புனேயில் உத்தியோகம். மாதம் ஒரு முறைதான் வருவார். ஆகவே இன்ஷூரன்ஸ், சர்வேயர், எஸ்டிமேட் என்று அத்தனைக்கும் அண்ணிதான் அலைந்தாள்.

"பார்த்தாயா, இடித்த சுவடே தெரியவில்லை!" என்று பெருமையோடு சொன்னாள். உண்மைதான். தகட்டில் சுவடு இல்லை. சுவடு வேறு ஓர் இடத்தில் இருந்தது. மறுநாள் காலை அவள் காரைக் கிளப்பியபோது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் கார்த்திகைத் தீபம் ஏற்றியது போல் மூன்று விளக்குகள் எரிந்தன. ஒன்று, வழுக்கி ஓடும் கார் படம். இரண்டாவது, உட்கார்ந்திருக்கும் மனிதன். அவனுக்கு எதிரே ஒரு பந்து. மூன்றாவது, 'ஹைப்ரிட் அமைப்பைச் சோதிக்கவும்' என்று ஒரு வாசகம்.

அண்ணி உடனே டிங்கரிங் ஷாப்புக்கு டெலிபோன் செய்தாள்.

"பேட்டரியைக் கழட்டி மாட்டினா அப்படித்தான் மேடம் எரியும். நாலு நாள் ஓட்டுங்க, தானா போயிடும்" என்று பதில் வந்தது.

முதல் விளக்கு அன்றைக்கே போய்விட்டது. மற்ற இரண்டும் போகவில்லை. நாலாம் நாள் ஓர் ஆள் வந்தார். கையடக்கமான ஸ்கேனர் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, இரண்டு பொத்தானை அமுக்கினார். விளக்குகள் மாயமாயின. ஆனால் காரை அணைத்து மறுபடி கிளப்பியதும் பந்துக்கார மனிதன் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"அது சும்மா சென்ஸார் லைட் மேடம். வண்டி ஓடறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. சாரைப் பேசச் சொல்லுங்க, அவருக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அண்ணிக்குச் சுருக்கென்றது. எனக்கும்தான். ஆனாலும், 'நமக்கு என்ன தெரியும்?' என்று இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அப்படி மூடிக்கொண்டது எவ்வளவு பிசகு என்பது மூன்றாவது நாள் தெரிந்தது. நல்ல வெயிலில் குழந்தைகளோடு தாம்பரம் பக்கத்திலிருந்து திரும்பும்போது, அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு அந்த 'ஹைப்ரிட்' வாசகம் மறுபடி வந்தது. கூடவே காரின் வேகமும் குன்றியது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்க, அண்ணி மெல்ல ஓரம் கட்டினாள்.

இரட்டை மாட்டு வண்டி

அந்தக் காருக்கு நேர்ந்தது என்ன என்று தெரிய வேண்டுமானால், ஹைப்ரிட் கார் என்பது என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பயப்படாதீர்கள், ரசம் வைக்கும் நேரத்தில் தெரிந்துகொண்டுவிடலாம்.

சாதாரண கார் ஒற்றை மாட்டு வண்டி. பெட்ரோல் எஞ்சின்தான் அந்த மாடு. ஹைப்ரிட் காரிலோ பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரும் பூட்டப்பட்டிருக்கிறது. எந்த மாடு எப்போது இழுக்க வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேமித்தும் வைக்கிறது. 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ்தான், பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைப்ரிட் கார். இன்று நம் ஊர்த் தெருக்களிலும் பல கம்பெனிகளின் ஹைப்ரிட் கார்கள் ஓடுகின்றன.

இந்தக் காருக்கு மின்கலங்கள் இரண்டு. சிறியது, எல்லாக் கார்களிலும் உள்ள 12 வோல்ட் பேட்டரி. விளக்கு, ஹாரன், கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதன் பொறுப்பு. பெரியதுதான் மோட்டாரை ஓட்டுவது. பிரியஸின் இரண்டாவது, மூன்றாவது தலைமுறைக் கார்களில் அதன் அளவு 201.6 வோல்ட். மோட்டாருக்குப் போகும் வழியில் அதை 500, 650 வோல்ட் வரையில் உயர்த்துகிறார்கள். நம் வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

ஆகவேதான் அந்த மின்சாரம் போகும் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை போட்டிருக்கிறார்கள். 'என்னைத் தொடாதே' என்பது அதன் பொருள். அதன் பக்கத்தில் வேலை செய்ய வேண்டுமானால், பெரிய மின்கலத்தின் இணைப்பைத் துண்டிப்பதற்கென்றே உள்ள செருகியை முதலில் எடுத்துவிட்டு, உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடியும் வரை காத்திருக்க வேண்டும். பிரியஸுக்குப் பத்து நிமிஷம் என்று கணக்கு. கையில் அதற்கென்று சோதித்த ரப்பர் உறையும் வேண்டும். இந்தப் பயிற்சி இல்லாத இடத்தில் ஹைப்ரிட் காரை விட்டால், அபாயம் நம் காருக்கு மட்டும் அல்ல. சுத்தியலும் கையுமாக வேலை செய்யும் பையனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே?

தகடு வேலையில் விளக்கு ஏன் எரிகிறது?

"பம்பரையும் தகட்டையும்தானே தொட்டார்கள்? எஞ்சின் பக்கமே போகவில்லையே!" என்று கேட்கலாம். அந்தக் காலத்துக் காரில் நியாயமான கேள்வி. இந்தக் காலத்துக் காரிலோ தகட்டுக்கு அடியிலெல்லாம் நரம்பு ஓடுகிறது. தகட்டைத் தட்ட வேண்டுமானால் அந்த நரம்புகளைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரித்ததை அத்தனையும் மறக்காமல் சேர்ப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

அண்ணியின் கார் கடைசியில் கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போயிற்று. அங்கே இருந்த இளைஞர் பொறுமையாக எல்லாவற்றையும் காட்டி விளக்கினார்.

வழுக்கும் கார் விளக்கு எரிந்ததற்குக் காரணம், 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றியதுதான். ஸ்டியரிங் எந்த நிலையில் நேராக இருக்கிறது என்ற ஞாபகம் கம்ப்யூட்டருக்கு அழிந்துபோய், கொஞ்சம் நேராக ஓட்டியதும் திரும்பி வந்துவிட்டது. சில கார்களில் இதைக் கருவி வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்குமாம். ஆக, மூன்றில் ஒன்றுக்கு டிங்கரிங் ஷாப்காரர் சொன்னது சரி. நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

பந்துக்கார மனிதன் விவகாரம் வேறு. அது பந்து அல்ல. விபத்தின்போது கண் சிமிட்டும் நேரத்தில் விரிந்து நம்மைக் காக்கும் காற்றுப்பை. கூரை ஓரத்தில் சுருட்டி வைத்த பை ஒன்று, பக்கவாட்டில் இடி விழுந்தால் ஜன்னலை மறைத்துத் திரைபோல் இறங்கும். அதன் கம்பி, பின் தூணருகே மஞ்சள் நிறச் செருகி ஒன்றில் சேர்கிறது. தகட்டு வேலைக்காக அதைப் பிரித்தவர்கள், சரியாக மாட்டாமல் மேலே உறையைப் போட்டு மூடியிருந்தார்கள். அந்த விளக்கு எரியும்போது, இடி விழுந்தால் பை விரியும் என்று நம்ப முடியாது. இரண்டு வாரமாகக் குழந்தைகள் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய்வந்தது அந்தப் பக்கத்து ஜன்னலோரத்தில்தான்! 'வண்டி ஓடறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை' என்று அவர் சொன்னது ஒரு விதத்தில் மெய்தான். வண்டிக்குச் சம்பந்தமில்லை, உயிருக்குத்தான் சம்பந்தம்.

மூன்றாவது விளக்கின் கதை இன்னும் விசித்திரம். அண்ணியின் காரில் பெரிய மின்கலம் பின்பக்கம் இருக்கிறது. வேலை செய்யும்போது அதற்குச் சூடு ஏறும். ஆகவே ஒரு சிறிய விசிறி, பின் இருக்கை ஓரத்திலுள்ள துவாரத்தின் வழியாகக் காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்து அதன்மேல் வீசுகிறது. டிக்கியைப் பிரித்தபோது அந்த விசிறியின் கம்பியையும் கழற்றினார்கள், மாட்ட மறந்தார்கள். காலையில் கிளப்பும்போது ஒன்றும் தெரியாது. அரைமணி வெயிலில் ஓடிச் சூடேறியதும், 'விசிறியே, சுற்று' என்று கம்ப்யூட்டர் உத்தரவிடும். விசிறி சுற்றாது. மின்கலத்தைக் காப்பாற்ற அது காரின் வேகத்தைக் குறைத்து, விளக்கையும் ஏற்றும். ஸ்கேனர் வைத்து அழித்ததெல்லாம் விளக்கைத்தான். கழன்ற கம்பியை அல்ல.

அவர் வேறு சில விஷயங்களும் சொன்னார். கார் பல நாள் கதவு திறந்தபடி ஷாப்பில் கிடந்தால் சின்ன பேட்டரி வடிந்துவிடும். பிரியஸ் போன்ற கார்களில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் வேலை அதற்கு இல்லாததால், அது நலிந்திருப்பது லேசில் தெரியாது. கம்ப்யூட்டர்களுக்குப் போதிய மின்சாரம் கிட்டாமல், சம்பந்தமில்லாத பல விளக்குகள் ஒருங்கே எரியும். முன்பக்கம் அடிபட்ட காரில், மின்சாரத்தை மாற்றித் தரும் கருவியைக் குளிர்விக்கும் நீர்ப் பாதையில் காற்றுக் குமிழி தங்கிவிட்டாலும் சூடேறி விளக்கு எரியும். சில கார்களில் பம்பர் மூலைக்குப் பின்னால், பக்கத்தில் வரும் வண்டியைக் கண்டு சொல்லும் ராடார் கருவி இருக்கிறது. அந்தப் பம்பரில் பட்டியைக் கனமாகப் பூசி வர்ணம் அடித்தால், அதன் கண்ணைக் கட்டினாற்போல் ஆகிவிடும்.

அழுகிற குழந்தை

நடுராத்திரியில் குழந்தை அழுகிறது. என்ன செய்கிறோம்? எறும்பு கடித்ததா, வயிறு வலிக்கிறதா, பசியா என்று பார்க்கிறோம். வாயைப் பொத்திவிட்டு, 'பார், அழுகை நின்றுவிட்டது' என்று எந்தத் தாயாவது திருப்திப்படுவாளா? காரின் விளக்கும் அழுகிற குழந்தைதான். விளக்கை அணைப்பது வேறு. கோளாறைத் தீர்ப்பது வேறு.

அழுகையிலும் ரகம் உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தால் பத்திரமான இடம் பார்த்து உடனே காரை நிறுத்திவிட வேண்டும். மஞ்சள் எரிந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். பச்சையும் நீலமும் வெறும் சேதி, கவலை இல்லை.

ரிப்பேருக்குப் பிறகு காரை வாங்கும்போது நாம் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. ஷாப்பில் விடும்போதே முன்பலகை விளக்குகளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்கேனர் வைத்துப் பார்த்த அறிக்கையைக் காகிதத்தில் கேளுங்கள். அதற்கு ஆகும் செலவையும் எஸ்டிமேட்டில் சேர்க்கும்படி சர்வேயரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது, காரைக் கிளப்புகிற கணத்தில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, சில விநாடிகளில் அணைகின்றனவா என்று கவனியுங்கள். அணையாத விளக்கும் சந்தேகத்துக்கு உரியது. எரிய வேண்டிய நேரத்தில் எரியவே எரியாத விளக்கும் சந்தேகத்துக்கு உரியது. பிறகு அரைமணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். அதற்கப்புறம்தான் இன்ஷூரன்ஸ்காரரின் 'வேலை திருப்தி' என்ற சீட்டில் கையெழுத்து. பெயின்ட் பளபளப்பைக் கண்டு மயங்கி, அண்ணி முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதனால் சர்வீஸ் நிலையத்துப் பில்லுக்கு டிங்கரிங் ஷாப்காரரைச் சம்மதிக்க வைக்க, மேலும் மூன்று வாரம் நடக்க வேண்டியிருந்தது.

அப்படி நடந்த கடைசி நாளன்று நானும் கூடப் போயிருந்தேன். அதே ஆள், "சார் வரலையா மேடம்?" என்று கேட்டார்.

"சாருக்கு லீவு இல்லை" என்றாள் அண்ணி. "விசிறிச் செருகி, காற்றுப்பைச் செருகி இரண்டையும் மாட்டாமல் விட்டது ஏன் என்று எனக்கே சொல்லுங்கள். எனக்குப் புரியும்."

அவர் பேசாமல் ரசீதை எடுத்து வைத்தார்.

இப்போது அந்தக் காரைக் கிளப்பினால், 'தயார்' என்று சொல்லும் பச்சை எழுத்து மட்டும்தான் தெரிகிறது. குழந்தைகள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும், "அம்மா, பந்து மாமா போயிட்டாரா?" என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக் கேட்கின்றன. அண்ணியும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் காரை நகர்த்துகிறாள்.