ஓடுவோன் இருதயம்

கீழைக் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை ஊர்களுள் ஒன்று எமது தேற்றாத்தீவு. இப்பகுதிப் பாடசாலைகளில் ஆண்டின் முதற் பருவம் மெய்வல்லுநர் போட்டிக்குரியது. மரதன் ஓட்டமும் அப்போதே நிகழும். 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எமக்குத் தெற்கேயுள்ள திருக்கோவிலில் மரதன் ஓடிய மாணவன் ஒருவன் உயிர் நீத்தான். அத்துயரின் காரணத்தை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், ஓடுகின்ற உடலில் இருதயமும் குருதிச் சுற்றோட்டமும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை, ஓடுவிக்கும் ஆசிரியராகிய நாம் அறியாதிருத்தல் தகாது.

ஓய்ந்திருக்கும் ஒருவரின் இருதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை துடித்து, துடிப்பொன்றுக்குச் சுமார் 70 மில்லிலீற்றர் குருதியைச் செலுத்துகின்றது. பெருக்கிப் பார்ப்பின் நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவாகும். உடலிலுள்ள குருதி முழுவதும் ஏறத்தாழ அவ்வளவே. இத்தகைய கணக்கொன்றைத் துணைக்கொண்டே வில்லியம் ஹார்வி 1628 இல் குருதி சுற்றியோடுகின்றது என்பதை நிறுவினார். கடுமையாக ஓடும் இளைஞனிடத்து இத்தொகை 20 லீற்றர் வரை உயரும். தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரரிடத்து 30 லீற்றருக்கும் மேற்படும்.

மாற்றம் ஓட்டத்துக்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. தொடக்க ஒலியை எதிர்பார்த்து நிற்பவனின் நாடி விரைவதை எவரும் தொட்டறியலாம். இருதயத்தை அடக்கி வைத்திருக்கும் வேகசு நரம்பின் பிடி முதலில் தளர்கின்றது. பின்னர் பரிவு நரம்புகளும் அதிரினலினும் அதனைத் தூண்டுகின்றன. ஆயினும், தன்னிடம் வந்து சேரும் குருதியையே இருதயம் வெளியேற்ற வல்லது. அதனைத் திருப்பியனுப்பும் பணியிற் கெண்டைக்கால் தசைகளுக்குப் பெரும் பங்குண்டு. அவை சுருங்குந்தோறும் நாளங்கள் அழுத்தப்பட, வால்வுகள் கீழிறங்கவொட்டாது தடுக்க, குருதி மேலேறுகின்றது. இதனை வாசகர் மனத்திருத்துக.

படுவான்கரை வயல்களில் வட்டவிதானை ஒரு வாய்க்காலை அடைத்து இன்னொன்றைத் திறந்துவிடுவார். உடலிலும் அவ்வாறே. ஓய்வில் தசைகளுக்குச் செல்வது ஐந்திலொரு பங்கு. உச்ச முயற்சியில் ஐந்தில் நான்கு பங்கு. குடலும் சிறுநீரகமும் விட்டுக்கொடுக்கின்றன. மூளைக்குச் செல்லும் அளவு குறைக்கப்படுவதில்லை. இருதயத்தின் நிலையோ விசித்திரமானது. தன் தசைக்கு வரும் குருதியிலுள்ள ஒட்சிசனிற் பெரும்பகுதியை ஓய்விலேயே அது எடுத்துவிடுகின்றது. ஆகவே மேலும் ஒட்சிசன் வேண்டின், மேலும் குருதியே வரவேண்டும். அக்குருதி பெரிதும் பாய்வது இருதயம் தளரும் கணத்திலாகும். துடிப்பு விரைய விரைய அக்கணமோ குறுகும். நலமுள்ள இருதயம் தனக்குரிய நாடிகளை விரித்து இதனை ஈடுசெய்யும். மரபுவழியாகத் தசை தடித்த இருதயத்துக்கு இது இயலாது போகலாம். ஓடும்போதே மயங்கியவன், நெஞ்சு நோவு கூறுபவன், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் கண்டவன் ஆகியோரை மருத்துவர் பரிசோதிக்கும் வரை ஓடவிடலாகாது.

இனி, எமது வெயில். வெப்பத்தை வெளிவிடும் பொருட்டுத் தோலும் தன் பங்கைக் கேட்கின்றது. வியர்வையாற் குருதியின் நீர்ப்பகுதி குறைய, ஒவ்வொரு துடிப்பும் செலுத்தும் அளவு சுருங்கும். அதே வேகத்தைக் காக்க நாடி இன்னும் விரையும். காலை ஆறு மணிக்கு இயல்வது பத்து மணிக்கு இயலாமைக்குக் காரணம் இதுவே; மாணவனின் சோம்பல் அன்று.

ஓடி முடித்தவனைத் தோளிற் பிடித்து நிறுத்தி, பின் கதிரையில் இருத்துவது எம் வழக்கம். நானும் பல்லாண்டு அவ்வாறு செய்தவனே. ஒருமுறை என் பிடியிலேயே ஒருவன் துவண்டான். நிலத்திற் கிடத்திக் காலை உயர்த்தியதும் கண் விழித்தான். கால்கள் திடீரென நின்றதும் கெண்டைத்தசை குருதியை மேலேற்றுவதும் நிற்கின்றது; விரிந்த குழாய்களிற் குருதி தேங்க, மூளை வறள்கின்றது. நிமிர்த்திப் பிடித்தல் அவ்வறட்சியை நீட்டிப்பதேயாம். விழுந்தவன் உடனே தெளியாவிடின், அது வேறு நிலை. மூச்சையும் நாடியையும் பார்த்து, தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இப்போது எமது மரதன் விடியலில் தொடங்குகின்றது. முடிவுக் கோட்டுக்கு அப்பால் இருநூறு யார் தூரம் கயிறு கட்டியுள்ளோம். வந்தவர் யாவரும் அதனூடே நடந்தே செல்வர். கதிரைகளை அகற்றிவிட்டோம்.